இல்லறச் சுடர்: காலைக் கஞ்சியும் கடல் கடந்த பாடமும்

விடியுமுன்னரே கம்பம் பள்ளத்தாக்கு விழித்துக்கொள்கிறது. கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடிநாயக்கனூரிலும், கோழி கூவும் வேளையில் ஜீப்புகள் தெருமுனையில் வந்து நிற்கின்றன. கையில் தூக்குச் சட்டியுடன் நம் சகோதரிகள் அவற்றில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அவர்கள் மலையேறும்போது அவர்தம் பிள்ளைகள் உறக்கத்தில் இருக்கின்றனர். விழித்தெழும் பிள்ளை என்ன உண்கிறது? அநேக இல்லங்களில் இதற்கு விடை, கடைத்தேநீரும் ஒரு பன்னும் என்பதேயாம்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரையில் இக்குறை பெரிதும் நீங்கி வருகிறது. தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. 2024 ஜூலை 15 முதல் கிராமப்புறத்து உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டு 26 முதல் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளும் அதில் சேர்ந்தன. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் அங்கே சாம்பாருடன் பரிமாறப்படுகின்றன. ஆயினும் இத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பிற்குச் செல்லும் மகளுக்கும், கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மகனுக்கும், எல்லாருக்கும் கடைசியாக உண்ணும் தாய்க்கும் காலை உணவு கொடுக்க வேண்டியது இல்லமே அன்றோ?

இந்நிலையில், நம் வீட்டுப் பெண்மக்கள் கைப்பேசியில் ஜப்பானியர் காலை உணவின் படங்களைக் கண்டு, "இதை நம் வீட்டிலும் செய்யலாமா?" என்று வினவுகின்றனர். சிறு சிறு கிண்ணங்கள், ஆவி பறக்கும் சாறு, வெள்ளைச் சோறு, சுருட்டிய முட்டை என அப்படங்கள் கண்ணைக் கவர்கின்றன. வீண் ஆசை என்று இதனைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. செய்யலாம் என்பதே நம் விடை. அதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை தேனிச் சந்தையிலும் சின்னமனூர்க் கடைவீதியிலும் கிடைப்பவை. அந்த உணவின் உட்பொருளோ, நம் பாட்டிமார் அறிந்திருந்து நாம் மறந்துவிட்ட ஒன்று. அதனை நினைவூட்டுவதே இம்மாதச் சிந்தனை.

ஒரு சாறும் சில துணைகளும்

ஜப்பானியர் தம் உணவு முறையை 'ஒரு சாறு, மூன்று துணை' என்று சுருங்கச் சொல்வர். சோறு நடுநாயகம். அதனுடன் ஒரு கிண்ணம் சாறு. உப்பிட்ட காய் சிறிது. மீன், முட்டை அல்லது அவித்த கீரை ஒரு சிறு பங்கு. காலை உணவில் துணைகள் ஒன்றிரண்டாகக் குறைவதும் உண்டு. இனிப்புக்கு அங்கே பெரிய இடமில்லை. எண்ணெயும் மிகக் குறைவு. எதுவும் மிகுதியாக இல்லை. எதுவும் தனித்தும் இல்லை. இந்த உணவு மரபினை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2013-இல் மானிடத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இந்த உணவைப் பற்றி எழுதிய ஐரோப்பியருள் மிக முந்தியவர்களில் ஒருவர் நமக்கு நன்கு அறிமுகமானவர். 1542 முதல் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நம் மக்களிடையே உழைத்த புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று, தேவமாதா விண்ணேற்புத் திருநாளில், ஜப்பானின் ககோஷிமா நகரில் வந்து இறங்கினார். அவ்வாண்டு நவம்பரில் கோவாவிலிருந்த தம் சகோதரர்க்கு எழுதிய நீண்ட மடலில், அம்மக்கள் அளவாகவே உண்பதையும், சோறும் கீரைகளும் எப்போதேனும் மீனும் அவர்தம் உணவாக இருப்பதையும், அவர்கள் நோயற்று வாழ்வதையும், அவர்களிடையே முதியோர் பலர் இருப்பதையும் வியந்து குறிப்பிடுகிறார். சிறிதளவு உணவிலும் மனித உடல் நலமாக நிற்கும் என்பதை அவர் அங்கே கண்டார்.

எனினும் ஜப்பானிலும் இந்த மரபு தானாக நிலைத்து நிற்கவில்லை என்பதை நாம் அறிய வேண்டும். ரொட்டியும் காப்பியும் அங்கே பல இல்லங்களில் சோற்றின் இடத்தைப் பிடித்தன. காலையில் ஒன்றும் உண்ணாமலே பள்ளிக்கும் பணிக்கும் ஓடுவோர் பெருகினர். ஆகவே அந்நாடு 2005-இல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. மறு ஆண்டு, 'சீக்கிரம் உறங்கு, சீக்கிரம் எழு, காலை உணவு உண்' என்னும் இயக்கத்தை நாடெங்கும் நடத்தத் தொடங்கியது. செல்வம் மிகுந்த நாட்டுக்கே காலைக் கிண்ணத்தைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு

ஜப்பானியக் கிண்ணத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், நம் அடுக்களைப் பொருள்களின் உறவினர்களே அதில் அமர்ந்திருக்கக் காண்கிறோம்.

முதலில் சோறு. 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பெற்றபின், மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் அந்நீரை நம்பியே விளைகின்றன. அரிசிக்கு நாம் அயலூர் செல்ல வேண்டியதில்லை. ஜப்பானியர் அரிசி குட்டையாகவும் ஒட்டும் தன்மையுடனும் இருக்கும். நம் பச்சரிசியைக் குழைய வேகவைத்தால் ஏறக்குறைய அப்பதம் கிட்டும்.

அடுத்து, குதிரைவாலி. ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி மக்கள் நன்கறிந்த இச்சிறுதானியத்தின் உடன்பிறப்பு போன்ற ஒரு தானியம் ஜப்பானில் உண்டு. 'ஹியே' என்பது அதன் பெயர். குளிர் மிகுந்த வட பகுதிகளில் நெல் பொய்த்த ஆண்டுகளில் ஏழைகளின் உயிரைக் காத்தது அதுவே. ஆகவே அரிசிக்குப் பதிலாகக் குதிரைவாலிக் கஞ்சி வைப்பவரும் இம்மரபுக்கு மாறாக நடப்பவர் அல்லர்.

மூன்றாவது, சாற்றின் அடிப்படை. 'தாஷி' என்று அவர்கள் சொல்லும் தெளிந்த நீரே ஜப்பானியச் சமையலின் உயிர். சூரை இன மீனை வேகவைத்து, புகையிலிட்டு, கட்டைபோல் உலர்த்தி, மெல்லிதாகச் சீவி, கொதிநீரில் இட்டு வடித்து அதனைப் பெறுவர். இதைப் படிக்கும்போதே தென்கடற்கரைத் தாய்மார்க்கு மாசிக்கருவாடு நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே இன மீன். செய்முறையும் பெரும்பாலும் ஒன்றே. அது கிடைக்காத ஜப்பானிய இல்லங்களில் சிறு மீன்களை அவித்து உலர்த்திய கருவாட்டைப் பயன்படுத்துவர். நம் சந்தையில் கிடைக்கும் நெத்திலிக் கருவாடு அதன் நெருங்கிய உறவு.

அந்தச் சாற்றின் சுவை எத்தகையது? அது இனிப்பன்று, புளிப்பன்று, உவர்ப்பன்று, கசப்புமன்று. 1908-இல் தோக்கியோவில் இக்கேதா என்னும் வேதியியல் பேராசிரியர், கடற்பாசி ஊறிய நீரிலிருந்து குளுட்டமேட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா, சூரைக் கருவாட்டிலுள்ள மற்றொரு பொருளும் அச்சுவையைத் தருவதைக் கண்டார். காய்ச்சேர்க்கையும் கருவாட்டுச் சேர்க்கையும் இணையும்போது சுவை பன்மடங்காகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. தக்காளியிலும் குளுட்டமேட் நிறைய உண்டு. ஆகவே கருவாட்டுக் குழம்பில் தக்காளியை நசுக்கிப் போடும் நம் கிராமத்துத் தாய், அந்த அறிவியலைப் படியாமலே அதன் பயனைக் கண்டவள் ஆவாள்.

நால்வருக்கான செய்முறை

இனிச் செயலில் இறங்குவோம். இதன் பாதி வேலை முந்தின இரவிலேயே முடிந்துவிடும் என்பது தாய்மார்க்கு மகிழ்ச்சி தரும்.

முள்ளங்கி: இரவுச் சமையல் முடிந்ததும், கால் கிலோ முள்ளங்கியைத் தோல் சீவி, காசுபோல் மெல்லிய வில்லைகளாக நறுக்குக. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது ஏறக்குறைய 5 கிராம், அதன்மேல் தூவிப் பிசைந்து, ஒரு கிண்ணத்தில் இட்டு, மேலே சிறு தட்டு வைத்து, அதன்மேல் அம்மிக்குழவி போன்ற பாரம் ஏற்றுக. காலையில் முள்ளங்கி தன் நீரை விட்டுத் துவண்டிருக்கும். அந்த நீரை நன்கு பிழிந்து கொட்டிவிட்டு, இஞ்சித் துருவல் சிறிதும் எலுமிச்சைச் சாறு நான்கு துளியும் சேர்க்க. வெள்ளரியிலும் முட்டைக்கோசிலும் இவ்வாறே செய்யலாம். எண்ணெயும் மிளகாயும் இல்லாத இந்த ஒரே இரவு ஊறுகாய் நாவைச் சுத்தமாக்கும்.

கஞ்சி: பச்சரிசி ஒன்றரைத் தம்ளர் கழுவி, அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது ஏழரைத் தம்ளர் நீரில், எழுந்தவுடன் ஊற வைக்க. இதுவே ஜப்பானியர் 'ஓகாயு' என்னும் கஞ்சியின் முழு அளவு. நோயாளிக்கும் பல்லில்லாப் பாட்டிக்கும் வைக்கும்போது ஏழு அல்லது பத்து மடங்கு நீர் விடுவர். அரைமணி ஊறிய அரிசியைக் கனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, பின் தீயைக் குறைத்து, மூடியைச் சிறிதே விலக்கி, நாற்பது நிமிடம் வேகவிடுக. இடையில் கிளற வேண்டாம், கிளறினால் பசைபோலாகும். குக்கரில் வைப்போர் பாதிக்குமேல் நிரப்பலாகாது; முதல் சத்தம் வந்தபின் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து, ஆவி தானே அடங்கும்வரை திறவாதிருக்க. கஞ்சியில் உப்பு இட வேண்டியதில்லை. துணைகளில் உள்ள உப்பே போதுமானது.

சாறு: ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டின் தலையையும் வயிற்றுக் கசட்டையும் கிள்ளி எறிக, கசப்பு அவற்றில்தான் உள்ளது. வெறும் வாணலியில் லேசாக வறுத்தால் கவிச்சி குறையும். ஜப்பானியக் கருவாடு அவித்து உலர்த்தியது. நம்முடையதோ உப்பிட்டுக் காய்வது. ஆகவே இருமுறை நன்றாக அலசிய பின்னரே நான்கு தம்ளர் நீரில் அரைமணி ஊறவிடுக. பின் சிறு தீயில் பத்து நிமிடம் சூடேற்றி வடிகட்டுக. வடித்த நீரில் ஒரு தக்காளியை நறுக்கிப் போட்டு, அது குழைந்ததும் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையைச் சேர்த்து, இரண்டு நிமிடத்தில் இறக்குக.

ஜப்பானில் இச்சாற்றில் 'மிசோ' என்னும் விழுதைக் கரைப்பர். அவித்த சோயா மொச்சையை உப்புடனும், பூஞ்சை ஏறிய அரிசியுடனும் பல மாதம் புளிக்க வைத்துப் பெறுவது அது. அதற்கு ஈடான பண்டம் நம்மிடம் இல்லை. ஈடு என்று சொல்லாமல், சாற்றுக்கு உடல் கொடுக்க மட்டும், வெந்து மசிந்த பாசிப்பருப்பு மூன்று கரண்டி கலக்கலாம். கொள்ளு வேகவைத்த நீரைக் கலந்தாலும் நன்று. சோயாச் சாறு வைத்திருப்போர் கடைசியில் ஒரு தேக்கரண்டி விடுக. அதற்குமேல் வேண்டாம், காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

முட்டை: நான்கு முட்டைகளை உடைத்து, வடித்த சாறு இரண்டு மேசைக்கரண்டியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, நுரை பொங்காமல் கலக்குக. தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, மூன்றில் ஒரு பங்கை மெல்லியதாக ஊற்றுக. மேற்புறம் முற்றும் காயுமுன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுக. காலியான இடத்தில் மீண்டும் எண்ணெய் தடவி, அடுத்த பங்கை ஊற்றி, சுருளைச் சற்றுத் தூக்கி அதன் அடியிலும் ஓடவிடுக. அது பாதி வெந்ததும், முன்னைய சுருளையே அச்சாகக் கொண்டு மீண்டும் சுருட்டுக. மூன்றாம் பங்குக்கும் அவ்வாறே. ஆறியபின் விரல் பருமனில் துண்டங்களாக நறுக்கினால், வெட்டிய மரத்தின் வளையங்கள் போல் அடுக்குகள் தோன்றும். தீ குறைவாக இருக்கட்டும். முதன்முறை சுருள் உடைந்தாலும் சுவை உடைவதில்லை.

எள்ளுப்பொடி: கறுப்பெள் பத்துக் கரண்டிக்கு உப்பு ஒரு கரண்டி. எள்ளைப் பொரியும்வரை வறுத்து, உப்புடன் சேர்த்துக் கொரகொரப்பாக இடித்து வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் வரும். ஜப்பானியத் துறவியர் மடங்களில் காலைக் கஞ்சிக்கு இந்தப் பொடியும் உப்பிட்ட முள்ளங்கியுமே இன்றும் துணை.

கஞ்சியைக் கிண்ணத்தில் வார்த்து, நடுவில் உப்பு நெல்லிக்காய் ஒன்றை வைக்க. 'உமேபோஷி' எனும் உப்பிட்ட புளிப்புக்கனியை ஜப்பானியர் வைக்கும் இடம் அது. நார்த்தங்காய் உப்பூறுகாயும் அங்கே பொருந்தும். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து பசியுடன் திரும்பும் நாளில், வைகை அணை மீன் இரண்டு துண்டு சேர்த்தால் விருந்தாகிவிடும். துண்டங்களில் சிறிது உப்பு மட்டும் தடவி அரைமணி வைத்து, கசிந்த நீரைத் துடைத்துவிட்டு, கல்லில் இருபுறமும் சுட்டெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்துக்கும் தவக்காலத்துக்கும் இவ்வுணவு முழுதும் ஏற்றது. மீனும் தவிர்க்க நினைப்போர் உலர்ந்த காளானையும் தக்காளியையும் கொண்டு சாறு வைக்கலாம். ஜப்பானிய மடங்களிலும் காளானும் கடற்பாசியுமே சாற்றுக்கு அடிப்படை.

மலையேறும் கைகளுக்கு

ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏற வேண்டியவருக்குக் கிண்ணமும் சாறும் எப்படிக் கைகூடும் என்று கேட்பீர்கள். அதற்கும் ஜப்பானியர் ஒரு வழி வைத்துள்ளனர். அது 'ஒனிகிரி' என்னும் சோற்றுருண்டை. உழவரும் வழிப்போக்கரும் பள்ளிப் பிள்ளைகளும் காலங்காலமாகக் கட்டிக்கொண்டு சென்றது அதுவே.

இதற்குச் சோறு கஞ்சிபோல் தளர்ந்திராமல், ஆனால் ஒட்டும் பதத்தில் வெந்திருக்க வேண்டும். பச்சரிசி ஒன்றுக்கு நீர் இரண்டு போதும். கைபொறுக்கும் சூட்டில் உள்ளங்கைகளை உப்பு நீரில் நனைத்துக்கொண்டு, ஒரு பிடி சோற்றை எடுத்து, நடுவில் நெல்லிக்காய்த் துண்டையோ சுட்ட கருவாட்டுத் துணுக்கையோ புதைத்து, அழுத்தியும் சுழற்றியும் உருட்டுக. மேலே எள்ளுப்பொடி தூவுக. ஜப்பானியர் முற்காலத்தில் மூங்கில் மடலில் பொதிந்தனர். நமக்குத் தேனி மாவட்டத்து வாழையிலை இருக்கிறது. இலையைத் தணலில் வாட்டினால் கிழியாது. அன்று காலையில் வடித்த சோற்றிலேயே உருட்டி, முற்பகலுக்குள் உண்டுவிட வேண்டும். வெயிலில் மாலைவரை வைத்திருத்தல் ஆகாது.

நிலாச்சோறு உருட்டிப் பிள்ளைகளின் கையில் வைத்த பாட்டிமாரின் வழியில் வந்த நமக்கு இந்த உருண்டை புதிதாகத் தோன்றாது. உருட்டும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். தாய்க்குப் பிள்ளை கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு, ஏலத்தோட்டத்தில் பொதி அவிழ்க்கும்போது எத்தனை இனிக்கும்!

உப்பில் எச்சரிக்கை

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் கடமை தவறியவராவோம். ஜப்பானிய உணவின் நன்மைகளைப் புகழ்வோர் அதன் ஒரு குறையை மறைப்பதுண்டு. அது உப்பு. மிசோ, சோயாச் சாறு, ஊறுகாய், உப்புமீன் என்று எங்கும் உப்பு. அதன் விளைவாக முற்காலத்தில் பக்கவாதம் அந்நாட்டில் பெருங்கொள்ளை கொண்டது.

நாகனோ என்னும் மாநிலத்தின் வரலாறு நமக்கு நல்ல பாடம். நம் பள்ளத்தாக்கைப் போல் மலைகள் சூழ்ந்த நாடு அது, கடற்கரை இல்லாதது. நீண்ட பனிக்காலத்துக்காகக் காய்களை உப்பிலிட்டு வைப்பது அங்கே வழக்கம். பக்கவாதச் சாவுகள் மிகுந்திருந்த அம்மாநிலம் 1981-இல் உப்புக் குறைப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. அதன் முன்னணியில் நின்றவர் மருத்துவர் மட்டுமல்லர். ஊர்தோறும் இருந்த இல்லத்தரசிகளான சுகாதாரத் தொண்டர்களும் ஆவர். உப்பை அளக்கும் சிறு கருவியுடன் வீடு வீடாகச் சென்று சாற்றுப் பானையில் உப்பு எவ்வளவு என்று அளந்து காட்டினர். சாற்றை நீக்கச் சொல்லவில்லை. சாற்றில் காய்களை நிறையப் போடுங்கள், அப்போது உப்பு நீர் குறையும் என்று கற்பித்தனர். 2010 கணக்கின்படி ஆண், பெண் இருபாலரின் ஆயுளிலும் ஜப்பானில் முதலிடம் பெற்றது அந்த நாகனோதான்.

நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே வயதுவந்த ஒருவருக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோயாச் சாறு ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு அடங்கியுள்ளது. எனவேதான் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தச் சொன்னோம். கஞ்சியில் உப்பு வேண்டாம் என்றோம். கருவாட்டை இருமுறை அலசச் சொன்னோம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டையும் உப்பு நெல்லிக்காயையும் விலக்கி, எலுமிச்சையும் இஞ்சியும் கொண்டு சுவை கூட்டுவாராக. நீரிழிவு உள்ளவர்கள் கஞ்சியைக் குறைத்து, முட்டையையும் கீரையையும் கூட்டுவதே முறை. குழைந்த சோறு இரத்தத்தில் விரைந்து சர்க்கரையாகும். நம் பங்குகளின் மாதர் சங்கங்களும் அன்பியக் கூட்டங்களும், இரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு கருவியை வாங்கி வைத்து, நாகனோத் தாய்மாரைப் போல் வீடு வீடாகச் சென்றால் அது எத்துணைப் பெரிய பிறரன்புப் பணியாகும்!

கிண்ணத்தினும் பெரியது

வெளிநாட்டு உணவு நமக்கு எதற்கு என்று கேட்கும் பெரியோரும் உண்டு. அவர்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவையே. கம்பத்தின் பெருமையான பன்னீர் திராட்சையும் 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவரால் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகவே கூறப்படுகிறது. இன்றோ அது 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மண்ணின் கனி. வந்த பொருளை நம்முடையதாக்கிக்கொள்ளும் ஆற்றல் நமக்குண்டு. அதேவேளையில், நீராகாரமும் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சுட்ட கருவாடும் ஏழையின் உணவு என்று வெட்கி ஒதுக்கிவிட்டு, அதே சோற்றையும் கருவாட்டையும் அயல்நாட்டுப் பெயரில் கண்டு மயங்குவது அறிவுடைமை ஆகாது. பழைய சோற்றுப் பானையும் ஓகாயுக் கிண்ணமும் ஒரே பந்தியில் அமரத்தக்கவை. ஒன்றைக் கற்று மற்றொன்றை மதித்தலே நாம் வேண்டுவது.

எவற்றை வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுவோம். சதுர வாணலி வேண்டாம், தோசைக்கல் போதும். விலையுயர்ந்த கிண்ணங்கள் வேண்டாம்; வீட்டிலுள்ள எவர்சில்வர்க் கிண்ணங்கள் போதும். பொட்டலத்தில் வரும் சாற்றுப்பொடி வேண்டாம். உப்பே அதில் முதற்பொருள்.

வேண்டியது மற்றொன்று உண்டு. அது வேலைப் பங்கீடு. இவ்வளவு கிண்ணங்களையும் தாய் ஒருத்தியே நிரப்ப வேண்டும் என்றால், இக்கட்டுரையால் அவளுக்குச் சுமை கூடியதே அன்றிப் பயன் ஒன்றுமில்லை. முள்ளங்கி நறுக்குவது இரவில் மகனின் வேலையாகட்டும். கருவாடு கிள்ளுவது மகளின் வேலையாகட்டும். குடும்பத் தலைவர் காலையில் கஞ்சி அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். கிளறாமல் காவலிருப்பது எவருக்கும் இயலும் வேலைதானே! தாய் முட்டையைச் சுருட்டி முடிக்கும்போது மற்றவை எல்லாம் தயாராக இருக்கும். வாரம் ஏழு நாளும் இயலாவிட்டால் இரண்டு நாள் செய்க. மற்ற நாள்களில் பழைய சோறோ, கேழ்வரகுக் கூழோ, இட்டிலியோ இருக்கட்டும். பன்னும் தேநீரும் மட்டுமே காலை உணவு என்னும் நிலை எந்நாளிலும் வேண்டாம்.

ஜப்பானியர் உண்ணத் தொடங்குமுன் கைகூப்பி 'இத்தாதாக்கிமாஸ்' என்று ஒரு சொல் சொல்வர். 'தாழ்மையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். விளைவித்தவர், சமைத்தவர், உயிர் ஈந்த மீன் எல்லாவற்றுக்கும் அதில் நன்றி அடங்கும். உணவுக்குமுன் செபம் சொல்லிப் பழகிய நம் இல்லங்களுக்கு இது விளங்காததன்று. ஆனால் அச்செபத்தைச் சேர்ந்து சொல்ல வேண்டுமாயின், சேர்ந்து அமர வேண்டும். சேர்ந்து அமர வேண்டுமாயின், பத்து நிமிடம் முன்னதாக எழ வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை இம்மாதம் உங்கள் குடும்பத்துக்கு அளித்துப் பாருங்கள்.